பட்டாளத்தில் உண்மையைச் சொல்லிவிடலாமா?

தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு படைவீரர் வழக்குரைஞரான எனக்கு எழுதிய கடிதம் இது. லீவுக்கு வந்து மொரப்பூரில் இறங்கியவர், ஊருக்குப் போகும் பேருந்தை இரண்டு முறை விட்டுவிட்டு, நடைமேடையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கியதாகச் சொல்கிறார். நீல மையில் ஆறு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ‘என் நண்பர்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே ‘அவர்’ என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு கடிதம் முழுக்க ‘அவர்’தான். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகருக்கு வயது 28. பத்தொன்பது வயதில் காலாட்படையில் சேர்ந்து, இப்போது நாயக் பதவியில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுச் சேவையில் ஒரு சிவப்பு மைப் பதிவுகூட, அதாவது தண்டனைக் குறிப்புகூட, வாங்கியதில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் ஆணோடு மூன்று ஆண்டுகளாக உறவில் இருக்கிறார். வீட்டில் இது அக்கா கணவருக்கு மட்டும் தெரியும். போன லீவில் கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்ட அவர், முதலில் வைத்தியரிடம் போகலாம் என்றிருக்கிறார். பிறகு ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று தாமே முன்னின்று கிருஷ்ணகிரிப் பக்கம் பெண் பார்த்து, பெண் வீட்டில் கை நனைத்தும் வந்துவிட்டார். தை மாதம் கல்யாணம்.

வாசகர் கேட்பவை இவை: தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டதால், தம் நிலையைக் கட்டளை அதிகாரிக்கு (சி.ஓ.) எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பணியைத் தொடரலாமா? முடியாதென்றால் வேலையை விட்டுவிடலாமா? இல்லை, மாமா சொல்வதுபோல் கல்யாணம் செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா? கடைசிப் பக்கத்தில், மற்றதையெல்லாம்விடச் சிறிய எழுத்தில், இன்னொன்றும் இருக்கிறது: ‘என்னைப் போன்ற ஒருவன் பட்டாளத்தில் இருப்பதே தப்பா, சார்?’

அன்புள்ள தம்பிக்கு,

சிறிய எழுத்தில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். தப்பில்லை. தன்பாலீர்ப்பாளர்களைப் படையில் சேர்க்கலாமா என்று எங்கே விவாதம் நடந்தாலும், அவர்கள் இனிமேல்தான் வாசலில் வந்து நிற்கப் போகிறவர்கள் என்பதுபோலவே பேசுகிறார்கள். நீங்கள் ஒன்பது ஆண்டுகளாக உள்ளே இருக்கிறீர்கள். காவல் பார்த்திருக்கிறீர்கள், ரோல்காலில் நின்றிருக்கிறீர்கள், நாயக் ஆகியிருக்கிறீர்கள். எல்லா நாட்டுப் படையிலும் எல்லாக் காலத்திலும் உங்களைப் போன்றவர்கள் இருந்துவந்திருக்கிறார்கள். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லலாமா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

சொல்லக் கூடாது என்பவர்களின் காரணங்களை நான் அறியாதவன் அல்லன். என் கட்சிக்காரர்களில் ஓய்வுபெற்ற சுபேதார்கள் சிலர் உண்டு. ஒரே பேரக்கில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்தெழும் இடத்தில், ஒரே தொட்டியில் மொண்டு குளிக்கும் இடத்தில் கூச்சமும் சந்தேகமும் புகுந்தால் ஒற்றுமை போய்விடும் என்பார்கள். பனிமலை உச்சியில் நான்கு பேர் மட்டும் மாதக்கணக்கில் காவலிருக்கும்போது பக்கத்தில் இருப்பவன்மேல் வைக்கும் நம்பிக்கை சோற்றைப்போல அவசியம் என்பதையும் அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கவலையைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால், அதே கவலையோடு தடை போட்டிருந்த நாடுகள் அதை எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992-இலேயே தடையை எடுத்துவிட்டன. பிரிட்டன் பிடிவாதமாக வைத்திருந்தது. 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகு, 2000 ஜனவரியில் எடுத்தது. தடை போனால் வீரர்கள் கூட்டம் கூட்டமாக விலகிவிடுவார்கள் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அப்படி யாரும் விலகவில்லை. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக், பழைய தடையால் வெளியேற்றப்பட்டவர்களிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். போரில் வாங்கிய பதக்கங்களைக்கூடப் பறிகொடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

அமெரிக்காவில் 1993 முதல் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது: ‘நாங்கள் கேட்க மாட்டோம், நீங்களும் சொல்லாதீர்கள்.’ கேட்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் கீழ் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். அதை நீக்குவதற்குமுன் 2010-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் படையினரிடமே கருத்துக் கேட்டபோது, ஏறத்தாழ 70 சதவீதம் பேர், இதனால் நன்மை விளையும், அல்லது நன்மை தீமை கலந்திருக்கும், அல்லது ஒரு மாற்றமும் இராது என்றார்கள். 2011 செப்டம்பர் 20 அன்று அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஓயாமல் போர்முனையில் நிற்கும் இஸ்ரேலின் படையும் 1993 முதல் தன்பாலீர்ப்பாளர்களை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது.

இந்த நாடுகளிலும் ஒழுங்கு விதிகள் தளரவில்லை. மேலதிகாரி தனக்குக் கீழே இருப்பவரிடம் உறவு தேடினால் தண்டனை. விருப்பமில்லாதவரைத் தொட்டால் தண்டனை. ஆண் பெண் என்ற பேதமின்றி எல்லோருக்கும் ஒரே விதி. பேரக்கின் ஒழுக்கத்தைக் காக்க அவ்வளவு போதும் என்பதே என் கருத்து. ஆகவே, வெளிப்படையாகப் பணியாற்ற இடம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு வழக்குரைஞரிடம். வேண்டும் என்று நான் நினைப்பது உங்கள் வேலையைக் காப்பாற்றாது.

377 போனது, இராணுவச் சட்டம் அப்படியே இருக்கிறது

உங்கள் கடிதத்தின் பெரிய பிழை இங்கேதான். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பு, வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியொரு பிரிவே கிடையாது. ஆகவே ஓசூரில் இருக்கும் ‘அவர்’ எந்தச் சட்டத்தின் முன்னும் குற்றவாளி அல்லர்.

உங்கள் நிலை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆவது உறுப்பு, படையினருக்கு அடிப்படை உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைக் குறைத்து வரையறுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, கொடூரமான, ஆபாசமான அல்லது ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நல்லொழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஊறு செய்வதைப் பற்றிய 63-ஆம் பிரிவு, எதையும் அள்ளிப் போட்டுக்கொள்ளக்கூடிய கோணிப்பை. நீங்கள் பயந்து எழுதியிருக்கும் 45-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களுக்கும் உரியது, நாயக் ஆகிய உங்களுக்கு அது வராது. அது ஒன்றுதான் இதில் உங்களுக்கு ஆறுதல்.

2018 தீர்ப்பு இராணுவச் சட்டத்தின் இந்தப் பிரிவுகளை எடுத்துப் பேசவில்லை. அதன்பின் நான்கே மாதத்தில், 2019 ஜனவரியில், அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், படைக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்றும் இராணுவச் சட்டப்படி நடவடிக்கை தொடரும் என்றும் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். இதைவிட முக்கியமாக நான் கருதுவது இன்னொரு வழக்கு. பிறன்மனை உறவு குற்றமல்ல என்று அதே 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு படையினர்மீது எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கையைத் தடுக்காது என்று 2023 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் விளக்கிவிட்டது. உங்கள் வழக்கில் அரசுத் தரப்பு முதலில் நீட்டப் போவது அந்தத் தாளைத்தான். பிறன்மனை உறவில் ஏமாற்றப்பட்ட மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, இதில் இல்லை என்று நாம் வாதாடலாம். பாலீர்ப்பு தனியுரிமையின் உள்ளடக்கம் என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் சொல்லப்பட்டதையும் எடுத்துக் காட்டலாம். நல்ல வாதங்கள்தாம். ஆனால் அவை பலித்த பிறகு வீடு திரும்புவது வேறு. அவற்றைச் சோதித்துப் பார்க்க உங்கள் வயிற்றுப்பாட்டைப் பணயம் வைப்பது வேறு.

இன்னும் இரண்டு எண்ணங்களைத் திருத்த வேண்டும். ‘லீவில் இருக்கும்போது நான் சிவிலியன்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்வரை, ஓசூரில் லுங்கி கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். அடுத்து, ‘நம் தருமபுரியில் ஒரு திருநங்கை எஸ்.ஐ.யாகவே இருந்தாரே’ என்கிறீர்கள். பிரித்திகா யாஷினி 2017-இல் இங்கே பொறுப்பேற்றது நம் மாவட்டத்துக்குப் பெருமை. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் அவர் வாங்கிய உரிமை அது. ஆனால் அது பாலின அடையாளம் பற்றியது, மாநிலக் காவல்துறைத் தேர்வு பற்றியது. அதே 2017-இல் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாலுமி ஒருவரைக் கடற்படை வேலையிலிருந்து நீக்கியது. காக்கிச் சட்டைக்குக் கிடைத்தது பச்சைச் சட்டைக்கும் தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

சி.ஓ.வுக்கான அந்தக் கடிதத்தைப் பற்றி

எழுத்தை எடைபோட்டால், 46-ஆம் பிரிவு தண்டிப்பது நடத்தையை. ஒருவர் மனம் யாரை நாடுகிறது என்பதை அது குற்றமாக்கவில்லை. ‘நான் தன்பாலீர்ப்பாளன்’ என்ற ஒரு வரி அதனளவில் குற்ற ஒப்புதல் ஆகாது என்று நானே வாதாடுவேன். ஆனால் அந்த ஒரு வரி சி.ஓ.வின் மேசைக்குப் போன மறுநாள், யார், எங்கே, எப்போது, யூனிட்டில் வேறு யாராவது உண்டா என்ற கேள்விகள் கிளம்பும். அவற்றுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் மனம் என்பது நடத்தையாக மாறிவிடும்.

உங்கள் தரவரிசையில் இருப்பவரைச் சுருக்க இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கச் சி.ஓ. ஒருவரே போதும். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் இருப்பவர் என்றால் ஓராண்டு வரை சிறையும், டிஸ்மிஸும் அவரே கொடுக்கலாம். அங்கே உங்களுக்காக வழக்குரைஞர் எழுந்து நின்று வாதாட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர் என்று ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், அவ்வளவே. அந்த அளவுக்குப் போகாமல், இராணுவ விதிகளின் 13-ஆம் விதிப்படி விளக்கம் கோரும் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து டிஸ்சார்ஜ் செய்வதும் உண்டு. சத்தமில்லாமல் முடிக்க நினைக்கும் அதிகாரிக்கு அதுவே வசதி. உங்களுக்குப் பென்ஷன் தகுதி வர 15 ஆண்டுச் சேவை வேண்டும். இன்னும் ஆறு ஆண்டு பாக்கி.

ஆகவே அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பொய்யாக வாழச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய் ஆகாது. நேரடியாகக் கேட்டால் பொய்யாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். சட்ட ஆலோசனை பெற்றுப் பதில் தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பத்திரிகைக்கோ சமூக ஊடகத்துக்கோ உங்கள் பெயரில் எழுதுவதும் வேண்டாம். படை சார்ந்த விஷயங்களை அனுமதியின்றி வெளியிடுவதற்கு இராணுவ விதிகளில் தனியாகத் தடை உண்டு. நல்ல நோக்கத்துக்காக எழுதிவிட்டு அந்தத் தடையில் மாட்டிக்கொள்வீர்கள்.

விசாரணை என்று வந்துவிட்டால்

யாரோ மொட்டைக் கடிதம் போட்டு விசாரணை தொடங்கினால் இவற்றை நினைவில் வையுங்கள்.

விசாரணைக் குழுவில் உங்கள் நன்னடத்தை கேள்விக்குள்ளாகிறது என்றால், 180-ஆம் விதிப்படி தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ‘இங்கே கையெழுத்துப் போடு, போதும்’ என்று யார் சொன்னாலும், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். அந்தக் குழுவின் முன் சொன்னதை இராணுவ நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்று 182-ஆம் விதி சொல்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

சம்பவம் நடந்து, அல்லது அது மேலதிகாரிக்குத் தெரியாமலிருந்தால் தெரியவந்து, மூன்று ஆண்டுக்குப் பிறகு இராணுவ நீதிமன்ற விசாரணையைத் தொடங்குவதற்கு 122-ஆம் பிரிவில் காலவரம்புத் தடை இருக்கிறது. தண்டனையோ டிஸ்சார்ஜோ கிடைத்தால் முதலில் துறைக்குள் முறையீடு. அதன்பின் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு. இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். ஊரில் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை வேறு வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசி

உங்கள் மாமா பார்த்தது ஒரு படம். அதை வேறொருவர் பார்த்திருந்தால்? டேட்டிங் செயலியில் ஒரு பெயரில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2020 ஜூலையில் தரைப்படை தன் வீரர்களை நீக்கச் சொன்ன 89 செயலிகளில் டேட்டிங் செயலிகளும் இருந்தன. யாரோடு பேசினீர்கள் என்பதை விட்டுவிட்டு, செயலி இருந்ததற்காக மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம். இன்றே எடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய வாதத்தைச் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பாளரை எதிரி எளிதில் மிரட்டிப் பணியவைப்பான், ஆகவே அவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு காலத்தில் சொல்லிவந்தன. சொன்னால் வேலை போகும் என்பதால்தான் மறைக்கிறார். மறைப்பதால்தான் மிரட்ட முடிகிறது. தடையே ஆபத்தை உண்டாக்கிவிட்டு, அந்த ஆபத்தைக் காட்டித் தடையை நியாயப்படுத்துவது எனக்கு விளங்குவதில்லை. ஆனால் தடை இருக்கும்வரை ஆபத்தும் உண்மைதான். பணம் கேட்டு யாராவது மிரட்டினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி பறிப்புக் குற்றம்; ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல், திரைப்பதிவுகளைச் சேமித்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணத்துக்குப் பதில் யூனிட் எங்கே நகர்கிறது, எத்தனை பேர் என்று கேட்டால் அந்த நிமிடமே மேலதிகாரியிடம் போய்விடுங்கள், அதனால் உங்கள் விஷயம் வெளியே வந்தாலும் சரி. டிஸ்சார்ஜ் ஆனவர் ஊரில் தலைநிமிர்ந்து வாழலாம்; அரசாங்க இரகசியச் சட்ட வழக்கில் சிக்கியவரின் கதை அப்படி இராது.

வைத்தியம், ராஜினாமா

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பு நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சைக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறை ஒழுக்கக் கேடாக அறிவித்தது. மாமா சொல்லும் வைத்தியரிடம் போகாதீர்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருப்பதற்கு உதவி தேவை. அதற்கு லீவில் இருக்கும்போதே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். படையின் மருத்துவரிடம் சொல்வதற்கும் வெளி மருத்துவரிடம் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னவர் உங்கள் மருத்துவத் தகுதி நிலையைத் தீர்மானிக்கும் பொறுப்பிலும் இருப்பவர்.

வேலையை விடுவதாக இருந்தால், வேலை பிடிக்கவில்லை என்பதற்காக விடுங்கள்; பயந்து விடாதீர்கள். பென்ஷன் தகுதிக்கு முன் சொந்த வேண்டுகோளில் வெளியேறுபவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அதன் சலுகைகளும் கிடைக்கா. அந்த முடிவை இந்த லீவில் எடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்

ஆறு பக்கக் கடிதத்தில் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒன்றரை வரி: ‘பொண்ணு நல்ல பொண்ணுதான், டிகிரி படிச்சிருக்காங்க.’ சி.ஓ.விடம் உண்மையைச் சொல்லாமலிருப்பது மனசாட்சியை உறுத்துகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, சி.ஓ.வுக்கு உங்கள் படுக்கையறையைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்தத் தேவையும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே தீர வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லாமல் மணமேடை ஏறப் பார்க்கிறீர்கள்.

சட்டத்தைச் சொல்கிறேன். திருமணத்துக்கு முக்கியமான ஓர் உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றிருந்தால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தையே செல்லாததாக்கக் கோர இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனைவிக்கு உரிமை தருகிறது. மனைவிக்கு ஜீவனாம்சமாக உங்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க இராணுவச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதைவிட நடைமுறை ஒன்று இருக்கிறது. பட்டாளத்து மாப்பிள்ளை வீட்டில் தகராறு என்றால் பெண் வீட்டார் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே யூனிட்டுக்கு ஒரு பெட்டிஷன் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட பெட்டிஷன்களை எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன், அவற்றுக்குப் பதில் எழுதியும் இருக்கிறேன். நீங்கள் மறைந்துகொள்ள நினைக்கும் இந்தக் கல்யாணத்திலிருந்துதான் உங்கள் இரகசியம் சி.ஓ.வின் மேசைக்குப் போகும். அந்தப் பெண் அப்படிச் செய்தால் அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது.

ஆண்டில் பத்து மாதம் நீங்கள் எல்லையில். மாமியார் வீட்டில் அவர். குழந்தை ஏன் இல்லை என்று ஊர் கேட்கும். பதில் தெரியாமலே நிற்கப் போகிறவர் அவர்தான்.

கல்யாணத்தை நிறுத்த உங்கள் நிலையை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லை, தவறு என்னுடையது’ என்பது போதும். ஆனால் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். கை நனைத்த சம்பந்தம் முறிந்தால் நம் பக்கம் பேச்செல்லாம் பெண்மேல்தான் விழும். பெண்ணிடம் குறை இல்லை என்பதை மாப்பிள்ளை வீட்டாரே வாயால் சொன்னால்தான் அடங்கும். அவர்கள் செய்திருக்கும் செலவைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். மாமாவிடம் தனியாகப் பேசுங்கள். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதம் அக்காவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார். உண்மை தெரிந்தே இந்தச் சம்பந்தத்தை முன்னின்று முடித்தவர் அவர் என்பதால், பின்னால் பெண் வீட்டார் கேட்கும் கேள்விகள் முதலில் அவரிடம்தான் வரும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

‘அவர்’ பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒரே பாலினத்தவர் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொல்லியிருக்கிறது. நீங்கள் சீருடையைக் கழற்றிய பிறகு அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பயன்படலாம்.

லீவு கார்த்திகைக் கடைசியில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில் யாரும் பத்திரிகை அடிக்கக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். மாமாவிடம் பேசுவது அதற்கு முந்தி நடக்க வேண்டும். சி.ஓ.வுக்கு இந்தியில் எழுதிய வரைவை ட்ரங்க் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். அந்தப் பெட்டி உங்களோடு யூனிட்டுக்குத் திரும்பும்போது அந்தத் தாள் அதில் இருக்கக் கூடாது. கிழிக்க மனம் வராவிட்டால், மூடிய உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கட்சிக்காரரின் தாளாக என் பீரோவில் இருக்கும்.